கைவண்ணம்: ஊர் போட்டோவிலிருந்து ஓர் அரூப ஓவியம்

சென்ற இதழில் பழைய பட்டுப்புடவைக் கரையைக் கொண்டு சுவர் அலங்காரம் செய்தோம். செய்து பார்த்து எழுதிய சகோதரிகள் எல்லோருக்கும் என் நன்றி. அந்தக் கடிதங்களுக்கு நடுவே ஒரு சகோதரி இப்படிக் கேட்டிருந்தார்:

"எங்க ஊர் ஆத்தங்கரை போட்டோ ஒண்ணு இருக்கு. பெரிசு பண்ணி மாட்டினா மங்கலாத் தெரியுது. அதைப் பார்த்துப் படம் வரையலாம்னா, நான் வரைஞ்சா மரம் மரம் மாதிரியே வராது. என்ன செய்யறது?"

மரம் மாதிரி வரவே வேண்டாம், சகோதரி! மரம் மாதிரி வேண்டுமென்றால் போட்டோவே இருக்கிறதே. போட்டோ செய்யாத ஒன்றைச் செய்யலாம். அந்த ஆற்றங்கரையை நிறமாகவும் வடிவமாகவும் மட்டும் வைத்து, அக்ரிலிக் வண்ணத்தில் ஓர் அரூப ஓவியம் ஆக்கலாம். 'மாடர்ன் ஆர்ட்' என்று நாம் கொஞ்சம் கேலியாகச் சொல்கிறோமே, அதேதான்.

"அதைக் குழந்தைகூடக் கிறுக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. கிறுக்கல் வேறு, இது வேறு. கிறுக்கும்போது எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. இதில் முழுக்க முழுக்கத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? மளிகைக்குப் பட்டியல் போடுகிற நமக்கு இது புதிய வித்தையா என்ன?

பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள்?

ஹாலந்து நாட்டு ஓவியர் பீட் மோன்ட்ரியான் மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தவர். 1908-ல் தொடங்கி 1910-ல் முடித்த 'சிவப்பு மர'த்தில் அடிமரம், கிளை எல்லாம் நன்றாகவே தெரிகின்றன. 1911-ல் வரைந்த 'சாம்பல் மர'த்தில் கிளைகள் வெறும் வளைகோடுகளாகி, நடுவில் உள்ள வானத்தோடு கலந்துவிடுகின்றன. 1912-ல் 'பூத்த ஆப்பிள் மரம்' வந்தபோது மரம் என்று சொன்னால்தான் மரம். மீன் செதில் போன்ற வளைவுகளே மிச்சம். ஒரே நாளில் அங்கே போகவில்லை, பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகவே விட்டார்.

பெண் ஒருவரையும் சொல்கிறேன். அமெரிக்காவின் ஹெலன் ஃபிராங்கென்தேலர் 1952-ம் வருடக் கோடையில் கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கடற்கரைக்குப் போய், அங்கே சின்னச் சின்ன நீர்வண்ணப் படங்கள் போட்டார். நியூயார்க் திரும்பியதும் ஏறக்குறைய 7 அடி உயரம், 10 அடி அகலமுள்ள துணியைத் தரையில் விரித்து, நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை அதில் ஊறவிட்டார். 'மலைகளும் கடலும்' என்ற அந்தப் படத்தில் மலையையும் கடலையும் தேடினால் அகப்படாது. ஆனால் அந்த ஈரமும் வெளிச்சமும் இருக்கும். அப்போது அவருக்கு வயது 23! பின்னாளில் அவரும் அக்ரிலிக்குக்கு மாறினார்.

நம் நாட்டு எஸ்.எச்.ரஸா மத்தியப் பிரதேசத்தின் பாபரியா கிராமத்தில் 1922-ல் பிறந்தவர். காட்டு இலாகாவில் வேலை பார்த்தவரின் மகன். 1950-ல் பாரிஸுக்குப் போனார். பல வருடம் அங்கேயே இருந்தும், அவருடைய அக்ரிலிக் படங்களில் சிவப்பும் கறுப்பும் காவியுமாக நம் மண்தான் வந்துகொண்டிருந்தது. 1983-ல் அவர் தீட்டிய 'சௌராஷ்டிரா' 2 மீட்டருக்கு 2 மீட்டர் கட்டம். அது 2010-ல் லண்டனில் ஏலத்தில் 16 கோடி ரூபாய்க்கு மேல் போனது. நமக்கு ஏலமும் வேண்டாம், கோடியும் வேண்டாம். ஊரை விட்டு வந்தவர்களும் ஊரை வரையலாம், வீடு, மரம், ஆள் என்று வரையாமலே வரையலாம் என்பது தெரிந்தால் போதும்.

எந்த போட்டோ?

அழகான போட்டோ தேட வேண்டாம். உங்களுக்கு வேண்டிய இடத்தின் போட்டோவாக இருந்தால் சரி. நான் எடுத்துக்கொண்டது தென்காசிப் பக்கத்தில் எங்கள் அம்மாவின் வயல். கடைசிப் போகத்தின்போது என் தம்பி செல்போனில் எடுத்தது. அறுவடை முடிந்ததும், என் தங்கை கல்யாணத்துக்காக அந்த வயலை விற்றோம். இப்போது அங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக் கற்கள் நிற்கின்றன. ஆகவே, போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்ள வழியில்லை. போட்டோவும் அம்மாவும்தான் சாட்சி.

படத்தில் பின்னால் மலை, அதன் தலையில் சாரல் மேகம். நடுவில் பனை வரிசை. முன்னால் முழுக்கப் பயிர், குறுக்கே ஒரு வாய்க்கால். ஓரத்தில் பம்புசெட் ரூம். இவற்றோடு ஒரு மின்கம்பம், நாலு கம்பி, தம்பியின் பைக் கைப்பிடி, வரப்பில் ஒரு பிளாஸ்டிக் பை. போட்டோவுக்கு எல்லாம் ஒன்றுதான். அது பைக்கையும் எடுக்கும், மலையையும் எடுக்கும்.

தேவையான பொருட்கள்

போட்டோ பிரின்ட் (4×6 அங்குலம்) ஒன்று. அதைப் பெரிதாக்கிய கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் ஒன்று.
12×16 அங்குல கான்வாஸ் போர்டு ஒன்று. கடையில் வெள்ளைப் பூச்சோடு தயாராகவே கிடைக்கும்.
அக்ரிலிக் ட்யூப்கள்: வெள்ளை, மஞ்சள், அல்ட்ராமரைன் நீலம், கிரிம்சன் சிவப்பு, பர்ன்ட் சியன்னா. இந்த ஐந்தே போதும்.
1 அங்குலப் பட்டைப் பிரஷ், அரை அங்குலப் பிரஷ், மெல்லிய பிரஷ், ஒவ்வொன்று.
காலாவதியான ஏ.டி.எம். கார்டு, பல் அகலமான பழைய சீப்பு, பழைய துணி, காகிதம் ஒட்டும் மாஸ்கிங் டேப்.
சமையலுக்கு இனி எடுக்கப் போவதில்லை என்று ஒதுக்கிவிட்ட தட்டு ஒன்று, தண்ணீருக்கு இரண்டு டப்பா.

அக்ரிலிக்கின் குணத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நிறப்பொடியைப் பிளாஸ்டிக் போன்ற ஒரு பசைப்பாலில் கலந்து செய்வது அது. ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கரையும். தண்ணீர் ஆவியானதும் மெல்லிய ஏடாக இறுகிவிடும். பிறகு எத்தனை தண்ணீர் விட்டாலும் கரையாது. இதனால் ஒரு சௌகரியம், ஓர் அசௌகரியம். காய்ந்ததன் மேல் தைரியமாக அடுத்த பூச்சுப் போடலாம். அடியில் உள்ளது கலங்காது. ஆனால் பிரஷை அப்படியே வைத்துவிட்டு அடுப்பில் பாலைப் பார்க்கப் போனால், வருவதற்குள் பிரஷ் குச்சியாகியிருக்கும். எழுந்து போகும்போதெல்லாம் பிரஷைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போங்கள். தட்டில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்து வண்ணத்தைப் பிழிந்தால் சீக்கிரம் காயாது.

செய்முறை

1. ஜன்னல் வையுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் வைத்துச் சேர்த்தால் ஒரு சட்டம் கிடைக்கும். உள்ளே 3×4 அங்குல ஜன்னல் வருமாறு வைத்துப் போட்டோவின் மேல் நகர்த்துங்கள். நம் போர்டு 12×16 ஆதலால் சரியாக நான்கு மடங்கு, கணக்கு சுலபம். எனக்குத் தம்பியின் பைக்கும் பிளாஸ்டிக் பையும் இதிலேயே ஒழிந்தன.

2. கண்ணைச் சுருக்குங்கள். ஊசியில் நூல் கோக்கும்போது சுருக்குவோமே, அப்படி. சின்னச் சின்ன விவரமெல்லாம் மறைந்து, பெரிய பெரிய திட்டுகள் மட்டும் தெரியும். அவை ஐந்து அல்லது ஆறுக்கு மேல் போகக் கூடாது. என் படத்தில் வானம், மலை, பனை, பயிர், வாய்க்கால் என்று ஐந்து.

3. யாராவது ஒருவரைக் கேளுங்கள். அந்த இடத்தை உங்களைவிட நன்றாக அறிந்தவராக இருக்கட்டும். நான் அம்மாவிடம் போட்டோவை நீட்டி, "இதிலே எதையெல்லாம் விட்டுடலாம், எதை விடக்கூடாதும்மா?" என்று கேட்டேன். மலையைக் காட்டுவாள், அல்லது பனையைக் காட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா ஓரத்தில், கட்டைவிரல் நக அளவில் இருந்த பம்புசெட் ரூமின் மேல் விரலை வைத்தாள்.

"இதை விட்டுட்டீன்னா, அது எந்த ஊரு வயலோ ஆயிரும்ளா."

வாஸ்தவம்தான். மும்முனைக் கரன்ட் ராத்திரியில்தான் வரும். அப்பா வெளியூர் போயிருக்கும் நாட்களில் அம்மா டார்ச்சும் கையுமாகத் தனியாகப் போய் மோட்டார் போடுவாள். அடைமழையில் அந்த ரூமில் ஒதுங்கி நின்றதும், என் தங்கையைக் கைக்குழந்தையாக அந்தப் படியில் படுக்கவைத்துவிட்டுத் தண்ணீர் திருப்பியதும் அவளுக்குத்தான் தெரியும். மலையைச் சுற்றுலா வருகிற எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த ரூமைப் பார்த்தவள் அவள் ஒருத்தி.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. விடுவதுதான் அரூப ஓவியத்தின் வேலை என்றேன். விடுவதற்கு முன்னால், எதை விட்டால் அந்த இடம் அந்த இடமாக இராதோ, அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் சின்னதாக, ஓரத்தில், அழகில்லாததாக இருக்கும். மின்கம்பமும் கம்பியும் போனால் நஷ்டமில்லை. பம்புசெட் ரூம் இருக்கட்டும்.

4. சின்னதாகப் போட்டுப் பாருங்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் தபால் கார்டு அளவில் நான்கு கட்டம் போட்டு, நான்கு விதமாகத் திட்டுகளை அடுக்குங்கள். பென்சில் போதும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸைப் பக்கத்தில் வைத்து, எது வெளிச்சம், எது நிழல், எது இரண்டுக்கும் நடு என்று மூன்றே விதமாகப் பிரியுங்கள். நிறம் ஆளை மயக்கும், ஜெராக்ஸ் மயக்காது. முதல் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி போடுங்கள். அடுத்தடுத்த கட்டங்களில் ஒவ்வொன்றாக விடுங்கள். என் நான்காவது கட்டத்தில் மலை ஒரு சரிந்த பட்டை, பனைகள் ஏழெட்டு நின்ற கோடுகள், வாய்க்கால் ஒரு சாய்கோடு, ரூம் ஒரு சதுரம். பயிர் மட்டும் பாதிப் படத்துக்கு மேல் அடைத்துக்கொண்டது.

5. நிறத்தைப் புடவை மாதிரி யோசியுங்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், முந்தானையில் மட்டும் பளிச்சென்று ஒன்று. மூன்றும் சம அளவில் இருந்தால் புடவை எடுபடுமா? படமும் அப்படித்தான். என் படத்துக்கு உடல் பச்சை, கரை மலையின் சாம்பல் நீலம். பம்புசெட் ரூமின் தகரக் கதவுக்கு ரெட் ஆக்சைடு பூசியிருந்தோம். அந்தச் செங்காவிதான் பளிச். பச்சைக்கு நடுவே துளி சிவப்பு தனியாக எடுத்துக் காட்டும். அம்மா பிடித்துவைத்த சதுரமே படத்துக்கு உயிராயிற்று.

பச்சையை ட்யூபாக வாங்காமல், மஞ்சளும் நீலமும் சேர்த்துக் கலக்குங்கள். இதில் ஒரு துளி பர்ன்ட் சியன்னா சேர்ந்தால் வயல் பச்சை வரும். கறுப்பும் வாங்க வேண்டாம். அல்ட்ராமரைனோடு பர்ன்ட் சியன்னா கலந்தால் ஆழ்ந்த கருநிறம் கிடைக்கும். அதோடு வெள்ளை சேர்த்தால் மழை மேகச் சாம்பல். பசைப்பால் ஈரத்தில் வெளுப்பாகவும் காய்ந்தால் தெளிவாகவும் ஆவதால், நிறம் காய்ந்ததும் ஒரு மாற்றுக் கூடித் தெரியும். ஆகவே, கொஞ்சம் இளசாகவே கலக்குங்கள்.

நான் தட்டில் இரண்டு பச்சை கலந்துவைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். கரும்பச்சையைக் காட்டி, "இது நல்லாத் தூர் கட்டின பயிரு" என்றாள். மஞ்சள் தூக்கலாக இருந்ததைக் காட்டி, "இதுதான் நம்மது. நட்டு இருபது நாள் இருக்கும்" என்றாள். ஒரு பயிரின் வயதை நிறத்தில் படிக்கிற கண், சகோதரிகளே! நமக்குக் கலை தெரியாது என்று எந்த அம்மாவும் சொல்லக் கூடாது.

6. பூசத் தொடங்குங்கள். முதலில் பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீராகக் கரைத்து போர்டு முழுவதும் ஓர் அலம்பல். காயட்டும்; மின்விசிறிக்குக் கீழே 15, 20 நிமிடம் போதும். பிறகு பெரிய திட்டுகளைப் பட்டைப் பிரஷால் நிரப்புங்கள். கோணலாக அமைந்தால் கவலை வேண்டாம். அங்கங்கே அடிப்பூச்சின் மண் நிறம் எட்டிப் பார்த்தால் விட்டுவிடுங்கள். எல்லா நிறத்தையும் அது ஒரு குடும்பமாகச் சேர்க்கும்.

இரண்டாம் பூச்சைக் கெட்டியாக ஏ.டி.எம். கார்டால் இழுங்கள். பயிர்ப் பகுதியில் ஈரம் இருக்கும்போதே சீப்பால் ஒரு வாரு வாரினால், நாற்று வரிசையின் ஞாபகம் வரும். வாய்க்காலுக்கு இருபுறமும் டேப் ஒட்டி நடுவில் வெளிறிய நீலம் தீட்டி, உடனே டேப்பை உரித்தால் கத்தி வைத்தது போல ஓரம் நிற்கும். சாரல் மேகத்துக்கு வெள்ளையை நிறையத் தண்ணீரில் கரைத்து, காய்ந்த மலையின் மேல் ஒரு பூச்சுப் பூசித் துணியால் ஒற்றி எடுங்கள். மலை பாதி மறைந்து பாதி தெரியும். கடைசியாக அந்தச் சிவப்புச் சதுரம். அதை மட்டும் அவசரப்படாமல் வையுங்கள்.

7. நிறுத்தத் தெரியுங்கள். படத்தைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கனமாக இழுத்தால் அங்கே நிறத்தை அடக்குங்கள். பிறகு இரண்டு நாள் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள். மூன்றாம் நாள் பார்த்ததும் கண்ணை உறுத்துவது எதுவோ, அதை மட்டும் சரிசெய்யுங்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனால் உப்பு கூடிய குழம்புதான்!

குழந்தைகள் உள்ள வீட்டில்

எண்ணெய் வண்ணத்துக்குப் போல இதற்கு டர்பன்டைன் வேண்டியதில்லை. அந்த நெடியும் இல்லை. அதற்காக இது சாப்பாட்டுச் சாமானும் ஆகிவிடாது. சில நிறங்களில் காட்மியம் போன்ற உலோகச் சேர்மானம் உண்டு. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் வழக்கம் வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். வண்ணத் தண்ணீர் டப்பா டம்ளர் மாதிரி இருக்கக் கூடாது. குழந்தை எடுத்துக் குடித்துவிடும். சின்னக் குழந்தையும் கூடச் சேர்ந்து பூச அடம் பிடித்தால், குழந்தைகளுக்கென்றே விற்கும் தண்ணீரில் கரையும் வண்ணத்தைத் தனியே கொடுங்கள்.

துணியில் பட்டால் அந்த நிமிஷமே அலசுங்கள், காய்ந்துவிட்டால் போகாது. பழைய நைட்டியே உத்தமம். மிஞ்சிய வண்ணத்தைச் செய்தித்தாளில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அதன் பிறகு பிரஷைக் கழுவுங்கள். கெட்டியாகக் கழுவி ஊற்றினால் குழாய் அடைக்கும்.

"இது என்ன படம்?"

வீட்டுக்கு வருகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கூச்சப்படாமல் ஊரின் பெயரைச் சொல்லுங்கள். "தென்காசிப் பக்கம், எங்கம்மா வயல்" என்றால் போதும். பிறகு அவர்களாகவே, "இது மலையா? இந்தச் சிவப்பு எது?" என்று கேட்கத் தொடங்குவார்கள். போட்டோவைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. "நல்லாருக்கு" என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. போர்டின் பின்பக்கம் ஒரு காகித உறையை ஒட்டி, அந்த போட்டோவை அதில் போட்டுவையுங்கள். உறையின் மேல் ஊர் பெயர், வருஷம், போட்டோ எடுத்தவர் பெயர், படத்தில் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதை நாலு வரியில் எழுதுங்கள். நாளைக்கு உங்கள் பேரக் குழந்தை அதைக் கழற்றிப் பார்க்கும்போது, அந்தச் சதுரம் வெறும் சதுரம் இல்லை என்பது அதற்குத் தெரிய வேண்டும்.

ஆற்றங்கரை சகோதரியே, முதலில் உங்கள் வீட்டில் யாரிடமாவது அந்த போட்டோவைக் காட்டி, "எதை விடக்கூடாது?" என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். மற்றவர்களும் செய்து பார்த்து எழுதலாம்.

அடுத்த இதழில்: மிச்சம் இருக்கும் அதே ஐந்து ட்யூப்களைக் கொண்டு மண்தொட்டிகளுக்கு அழகு சேர்ப்போம்.